சோதனை அழைப்பு

எங்கள் ஏரியாவில் நெட் இல்லாத கடைசி வீடு வரதராஜுலு சாருடையது. கேபிளை மாட்டிவிட்டு, "யாருக்காவது வீடியோ கால் போட்டுப் பாருங்க சார். பேசிட்டா என் வேலை முடிஞ்சது" என்றேன். புதுப் போனையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் என் நம்பரைக் கேட்டார். வாசலில் நின்று எடுத்தேன்.

"தெரியுது தம்பி. கொஞ்சம் தள்ளிப் போங்க."

தூரத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் தெருமுனைக்குப் போனேன். "இன்னும் கொஞ்சம்" என்றார். பாலத்தைத் தாண்டினேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தபோது திரையில் வெறும் சுவர்தான் தெரிந்தது. பிறகு அவர் வந்து உட்கார்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை, படிய வாரிய தலை.

"ரொம்ப தூரம் போயிட்டீங்களா?"

"ஆமா சார்."

"அப்ப, எப்படி இருக்கீங்கன்னு என்னைக் கேளுங்க."