கோபம் தீராத நகல்

2061 மார்ச் 9. என் மனைவி ரேணுகாதேவி மீண்டும் என்னோடு பேச மறுக்கிறாள். இதற்கு என் மகள் நன்முல்லையே பொறுப்பு.

ரேணுகா இறந்து ஓராண்டு கடந்துவிட்டது. மாடியறைச் சர்வரில், தனக்கென ஒதுக்கிய மெய்நிகர் கணினியில் அவள் வாழ்கிறாள். நேற்று அக்கணினி உறைந்து நின்றது. பகல் முழுதும் போராடிய முல்லை, இறுதியில் தாயின் மனத்தைப் பதிந்துவைத்த ஒரே நகலைக்கொண்டு அவளை மீட்டாள். அது ரேணுகா மருத்துவமனைக்குப் புறப்படுமுன் எடுத்தது. அவள் தம்பியின் புதுமனைப் புகுவிழாவுக்கு நான் வர மறுத்த வாரம் அது. அதற்குப்பின் நடந்த எதுவும் இப்போது அவளுக்குத் தெரியாது.

அந்தக் கோபத்தைத் தணிக்க எனக்குப் பதினொரு மாதங்கள் ஆயின. சென்ற தையில்தான் என்னிடம் சிரித்தாள்.

இன்று காலை, "ரேணு, காப்பி குடிச்சுட்டேன்" என்றேன்.

"அதை எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? தம்பி வாசலை மிதிக்காதவருக்கு நான் யாரு?"

மகளைக் கடிந்தேன். "அவ சிரிச்ச அன்னிக்கே புதுசா ஒரு நகல் எடுத்திருக்கக் கூடாதா?"

"எடுக்க வந்தேனே! 'நல்லா இருக்கிறவளுக்கு எதுக்குடி நகல், அபசகுனம்'னு என் கையைத் தட்டிவிட்டது யாருப்பா?"

தட்டிவிட்டவன் நானே. அந்தச் சிரிப்பு இன்று எந்தக் கணினி வட்டிலும் இல்லை. என் காதில் மட்டும் இருக்கிறது, அதுவும் தேய்ந்துவருகிறது.

இதைப் படிக்கும் நீங்கள் வீட்டில் ஒருவரை இவ்வாறு வைத்திருந்தால், சகுனம் பாராதீர்கள். அவர் உங்களோடு சிரித்துப் பேசும்போதே நகல் எடுங்கள். படித்தது போதும், இப்போதே எழுந்து போய் எடுங்கள்.