பூட்டி வைத்த பாட்டு

“பாடினா நம்ம கூட வரட்டும். பாடலைன்னா பழைய சாமான் வாங்குற கபாடிக்காரன்கிட்ட போவட்டும். அவ்ளோதான்” என்றாள் வீராயி.

மகள் பூங்கோதை உடனே ஒப்புக்கொண்டாள். தில்லி கோல் மார்க்கெட் பக்கத்துக் குடிசையைக் காலி செய்து, துவாரகாவில் அவள் சம்பளத்தில் பிடித்த ஃபிளாட்டுக்கு இன்று போகிறார்கள். அங்கே அப்பாவின் டேப் ரிக்கார்டர் வரக்கூடாது. இன்னொருத்தியோடு போன மனுஷனின் சாமான் எதுவுமே வரக்கூடாது.

அது பாடாது என்று அவளுக்குத் தெரியும். எலக்ட்ரானிக்ஸ் படித்தவள்.

“அந்த ஆளு போன அன்னிக்குப் பொட்டியில வச்சுப் பூட்டின. பதினஞ்சு வருஷமாச்சு. நடுவுல எடுத்தியா?”

“நான் எதுக்கு எடுக்கறேன்? சாவியையே இன்னிக்குத் தேடித்தான் கண்டுபிடிச்சேன்.”

“அப்ப செத்துப்போச்சும்மா. ஓடிட்டே இருந்தாதான் இதுக்கு உயிரு. சும்மா வச்சா கெபாசிட்டர் காஞ்சிடும், பெல்ட் உருகித் தார் மாதிரி ஒட்டிக்கும். பத்திரமா வச்சே கெடுக்கிற சாமான் இது.”

“இருக்கட்டும். போட்டுப் பாரு.”

வாசலில் தராசோடு நின்ற கபாடிக்காரர் ஜல்தி, ஜல்தி என்று அவசரப்படுத்தினார்.

டேப் ரிக்கார்டரைச் சுற்றியிருந்த புடவையைப் பூங்கோதை பிரித்தாள். மூலையில் அவள் சின்ன வயதில் ஒட்டிய பூ ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா இதை ஜன்னலில் வைப்பார். சாரம் கட்டிக் காய்த்த கைகளால் அவளைத் தூக்கித் தன் பாதங்கள் மேல் நிறுத்தி ஆடுவார். “சத்தத்தைக் கொறைய்யா” என்பாள் அம்மா. குறைத்தால், “ஏன் கொறைச்ச?” என்பாள்.

பூங்கோதை பல்லைக் கடித்துக்கொண்டாள். நேராகச் செருகினால் வெடிக்கலாம் என்று நடுவில் ஒரு பல்பைக் கோத்து இணைத்தாள். உள்ளே பழுதென்றால் பல்பு பளிச்சென்று எரியும்.

பல்பு மினுங்கி அடங்கியது.

உள்ளே பழைய கேசட் அப்படியே இருந்தது; பொத்தானை அழுத்தினாள். பாடியது. இரைச்சல்கூட இல்லை. அதே ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு.

இரண்டாவது அடியில் குரல் கொஞ்சம் இழுத்தது.

பாத்திர மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்த வீராயி, நிமிராமலே சொன்னாள்:

“கேசட் மூடியை வெரலால அழுத்திக்க. போன மாசத்துலேருந்துதான் இப்படி இழுக்குது.”