சுமி எழுதிய புரோகிராம்

"அந்த ஃபைலை மூடி வச்சிரு ஜெபா, கேட்டியா? அது முடிஞ்சுபோன கதை," என்றார் டீம் லீடர் பிரவின்ராஜ்.

"முடியல சார். புரோகிராம்ல தப்பே இல்ல," என்றாள் ஜெபமலர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திருவனந்தபுரத்தில் இருந்த அந்தச் சிறிய கம்பெனி, மலைத்தோட்ட ஆஸ்பத்திரிகளுக்காக இ.சி.ஜி. படிக்கும் புரோகிராம் ஒன்றைச் செய்திருந்தது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அழகாக ஓடியது. மலைமேல் இருந்த பழைய கம்ப்யூட்டர்களில் திறந்ததுமே நின்றுபோனது. அதை எழுதிய சுமியை அந்த வாரமே வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். கெட்ட பெயரோடு போனவளுக்கு வேறெங்கும் வேலை கிடைக்கவில்லை. கரமனையில் வீட்டோடு இருக்கிறாள் என்று ஆபீஸில் பேசிக்கொண்டார்கள்.

"பின்னே எதுக்கு நின்னுது?"

"பேக்கேஜ் மேனேஜர் சாஃப்ட்வேர்தான் சார். புரோகிராமுக்கு வேண்டிய துணை கோட் லைப்ரரி ஒவ்வொண்ணையும் அது சோர்ஸ் கோட்லேருந்து இங்கயே கம்பைல் பண்ணுது. பழைய பிராசஸருக்கு ஏத்த மாதிரி பண்ணச் சொல்லி ஒரு ஃப்ளாக் கொடுத்திருக்கோம். அது மெயின் புரோகிராமோட நின்னுபோச்சு, லைப்ரரிகளுக்குப் போகவே இல்ல. அதெல்லாம் நம்ம புது கம்ப்யூட்டருக்குத் தக்கபடி உருவாயிருச்சு."

பிரவின்ராஜின் முகம் மாறியது. அந்த ஃப்ளாக்கைக் கொடுத்தவர் அவர்தான்.

"இதை நோண்டினா யாருக்கு நஷ்டம்னு யோசிச்சியா?"

"யோசிச்சாச்சு சார்."

பேக்கேஜ் மேனேஜருக்கான கட்டளையை மாற்றி, எல்லா லைப்ரரிகளுக்கும் அந்த ஃப்ளாக் போய்ச்சேரும்படி செய்தாள். நாற்பத்து மூன்று லைப்ரரிகளும் முதலிலிருந்து கம்பைல் ஆக மூன்று மணி நேரம் பிடித்தது. ஸ்டோர் ரூமிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுத்துவந்து, புரோகிராமை ஏற்றித் திறந்தாள்.

நிற்கவில்லை. இதயத் துடிப்பின் கோடு திரையில் ஏறி இறங்கி ஓடியது.

"ஓடுது சார்!" ஜெபமலர் துள்ளி எழுந்தாள். பக்கத்து மேஜைகளில் கைதட்டல் எழுந்தது.

பிரவின்ராஜ் எழுந்து வந்து திரையைப் பார்த்தார்.

"தப்பு என்னோடது. இப்பவே மேல எழுதிடுறேன். சுமிக்கு நீயே போன்ல விளிச்சுச் சொல்லு. திங்கட்கிழமை வந்து சேரட்டும்."

மறுமுனையில் சுமி அழுதாள், பிறகு சிரித்தாள்.

"எனக்காக இவ்வளவு பாடுபட்டிருக்கீங்க. நாம முன்னாடி பார்த்திருக்கோமா? நீங்க யாரு?"

"பார்த்ததில்ல சேச்சி," என்றாள் ஜெபமலர், மேஜை இழுப்பறையைக் காலி செய்தபடியே, சிரித்துக்கொண்டு. "உங்களை அனுப்பிட்டு, அந்த வேலைக்கு எடுத்த ஆளு நான்தான்."