கிரிவலப் பாதையில் ஒரு கார் பந்தயம்

"காருக்கு மாலை போட்டா ஸ்பீடு ஜாஸ்தியாயிடுமா, சினேகா?"

புகழேந்தி கேட்டபோது சினேகா கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தன் காரின் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஆகாதுங்கண்ணா. ஆனா கம்மியும் ஆகாது இல்லீங்களா," என்றாள்.

வேங்கிக்காலில் ஒரு மாடியில் இருந்தது அந்தச் சின்னக் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டரில் ஆடும் கார் பந்தய விளையாட்டு ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. பந்தயம் நடப்பது திருவண்ணாமலை கிரிவலப் பாதையில். கார் எப்படி ஓட வேண்டும், பாதையில் நடக்கும் பக்தர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதெல்லாம் புகழேந்தியின் பொறுப்பு. பெயின்ட், மாலை, ஸ்டிக்கர், முன்னால் தொங்கும் எலுமிச்சம்பழம், இவையெல்லாம் சினேகாவின் பொறுப்பு.

புகழேந்தி கெட்டவன் இல்லை. எல்லாம் நிஜம் போலவே இருக்க வேண்டும் என்ற பித்து மட்டும் உண்டு. டயர் தேய வேண்டும், பெட்ரோல் தீர வேண்டும். ஸ்பீடு பிரேக்கரில் கார் எப்படிக் குலுங்கும் என்று தெரிந்துகொள்ள, ஒரு நாள் முழுக்கப் பைக்கில் ஒரே மேட்டில் ஏறி இறங்கி, மறுநாள் இடுப்பில் பெல்ட்டோடு ஆபீசுக்கு வந்தான். காரை வெளியே இருந்து பார்க்கும் வசதியையும் விளையாட்டிலிருந்து எடுத்துவிட்டான். ஸ்டீயரிங் பிடித்தவன் தன் காரையே வெளியே நின்று எப்படிப் பார்ப்பான் என்பது அவன் வாதம்.

அன்று காலை விவகாரம் முதலாளி சுல்தானாவிடம் போனது. அலங்காரத்தால் விளையாட்டு கனமாகிறது, பந்தயம் ஓட்ட வருகிறவன் பூக்கடையைத் தேட மாட்டான், அந்தப் பகுதியையே தூக்கிவிடலாம் என்றான் புகழேந்தி.

தூக்கிவிட்டால் சினேகாவுக்கு அங்கே வேலை இல்லை. மறுபடியும் சென்னைக்குத்தான் போக வேண்டும். அடி அண்ணாமலை வீட்டில் படுக்கையில் கிடக்கும் அப்பாவுக்கு, வேளைக்குக் கஞ்சியும் மாத்திரையும் கொடுக்க அவளைத் தவிர ஆள் கிடையாது. அது சுல்தானாவுக்கும் தெரியும். அவர் ஒரு வழி சொன்னார்.

"சண்டை வேணாம். ரெண்டு பேரும் கேம்லயே மலையை ஒரு சுத்து சுத்தி வாங்க. வெறும் காரு முதல்ல வந்தா அலங்காரத்தை எடுத்துடலாம். அலங்காரக் காரு வந்தா அது இருக்கட்டும்."

புகழேந்திக்குச் சிரிப்பு வந்தது. சினேகாவுக்கு நிஜத்தில் ஸ்கூட்டி ஓட்டுவதே தகராறு. டீ குடித்துவிட்டு வந்து ஜெயிக்கிறேன் என்று சொல்லிக் கீழே போனவன், சொன்னபடியே டீ குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

சினேகா கண்ணை மூடி அண்ணாமலையாரைக் கும்பிட்டாள். கண்ணைத் திறந்தபோது புகழேந்தியின் கார் ராஜகோபுரத்தைத் தாண்டி மறைந்திருந்தது. அவள் மாட்டுக்கு நின்றாள். ரோட்டைக் கடந்த சாமியாருக்கு நின்றாள். ஓரமாகத் தூங்கிய நாய்க்கு இண்டிகேட்டர் போட்டு ஒதுங்கினாள். சுல்தானா தலையில் கை வைத்துக்கொண்டார்.

அடி அண்ணாமலை ஸ்பீடு பிரேக்கரில் புகழேந்தி வேகத்தைக் குறைத்தான். நடந்து போய்க்கொண்டிருந்த பக்தர்கள், தங்களைத் தாண்டிய காரைப் பார்த்தார்கள். பிறகு ஓடி வந்தார்கள்.

முன்னால் பத்துப் பேர், பின்னால் இருபது பேர். யார் மீதாவது கார் உரசினால் பந்தயத்திலிருந்து நீக்கம் என்பது அவனே வைத்த விதி. ஹாரன் அடித்தான். அந்தச் சத்தம் கேட்டு எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

"கையை நீட்டறாங்க மேடம். நிறுத்துன்றாங்க. நான் நின்னுக்கினுதானே இருக்கேன்."

கூட்டத்தில் பாதிப் பேர் ரோட்டோரத்தில் வரிசையாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள். புகழேந்திக்கு வியர்த்துவிட்டது.

"மறியல் பண்றாங்க மேடம்."

அந்த நேரத்தில் சினேகாவின் கார் ஆடி அசைந்து வந்து சேர்ந்தது. நான் வேணா நிக்கட்டுமாண்ணா என்று அவள் கேட்டாள். ரூல்னா ரூல், நீ போ என்றான் அவன், ஸ்டீயரிங்கை விடாமல். அவள் கூட்டத்துக்கு ஒதுங்கி, மெதுவாகப் போய், எல்லைக்கோட்டைத் தாண்டி, அங்கேயும் இண்டிகேட்டர் போட்டு நிறுத்தினாள்.

அலங்காரம் இருக்கட்டும் என்று சுல்தானா சொன்னதும் சினேகாவின் கண் கலங்கியது. அப்பாவுக்கு மத்தியான மாத்திரை நேரம் என்று கைப்பையை எடுத்தாள்.

புகழேந்தி எழுந்திருக்கவில்லை. பக்தர்களுக்காக எழுதிய கட்டளைகளை வரிவரியாகப் படித்துப் பார்த்தான். கிரிவலப் பாதையில் தினமும் கண்ணால் பார்த்ததைத்தான் எழுதியிருந்தான். ஒரு பிழையும் இல்லை.

"நீ ஜெயிச்சதுல எனக்கு வருத்தமில்ல சினேகா," என்றான். "உன் அலங்காரத்தை இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆனா இந்த ஜனங்களுக்கு நான் மறியல் பண்ணவே சொல்லித் தரலியே. என் காரை மட்டும் ஏன் மடக்கினாங்கன்னு புரியல."

வாசல் வரை போன சினேகா தயங்கி நின்றாள்.

"திட்டாதீங்கண்ணா. நீங்க டீ குடிக்கப் போனப்ப உங்க காரு மொட்டையா நின்னுச்சு, எனக்கு மனசு கேக்கல. ஏதாவது ஒரு நல்ல வார்த்தையாவது இருக்கட்டுமேன்னு, பின்னாடி பெருசா 'அன்னதானம்'னு ஒரு பேனர் கட்டி விட்டேன்."