உடம்புக்கு மட்டும் லீவு

மணப்பாடு கடற்கரையில், மணல்மேடுகளுக்கு நடுவே விடுமுறைக்கு வருகிறவர்களுக்காகக் கட்டிய மரவீடுகள். அதில் ஒன்றின் வாசலில் நின்று ஜெசிந்தா கடலைப் பார்த்தாள். ஐந்து வயது ஷெரினும் அவள் அப்பா அமலனும் அலையில் கால் நனைத்துக்கொண்டிருந்தார்கள்.

அமலன் என்றால், அவன் உடம்பு மட்டும். மனசு சென்னை ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தது. கம்பெனிகள் இப்போதெல்லாம் உடம்புக்குத்தான் லீவு கொடுக்கின்றன.

"என்னைவிட என் உடம்பு நல்லா சிரிக்கும் பாரு" என்று கிளம்பும்போது சொல்லியிருந்தான்.

"அப்ப இதையே நிரந்தரமா வெச்சுக்கறேன்" என்று அவளும் வாரியிருந்தாள்.

பெரிய அலை ஒன்று அடித்துத் திரும்பியது. ஷெரினைக் காணோம். நுரைக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை மேலே எழும்பித் தவித்தது. அமலன் அதைப் பார்த்துச் சிரித்தான். பதிலுக்குக் கையை ஆட்டினான்.

ஜெசிந்தா விழுந்தடித்து ஓடினாள். மகளின் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். குழந்தை தண்ணீரைக் கக்கி, இருமி, அழுதது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் ஜெசிந்தாவுக்கு மூச்சே வந்தது.

சிரித்தபடியே பின்னால் வந்த அமலனின் கண்களில் சட்டென்று ஆள் வந்தது.

"மீட்டிங் முடிஞ்சுது. என்னாச்சு ஜெசி? பாப்பா ஏன் அழறா?"

"தண்ணியில முங்கிட்டா. பக்கத்துல நின்னு டாட்டா காட்டிட்டிருந்தீங்க." "ஆபத்துன்னா உடம்பு உங்களைக் கூப்பிடும்னு சொன்னீங்களே?"

அமலன் மகளின் பக்கத்தில் மண்டியிட்டான்.

"கூப்பிட்டுச்சு" என்றான். "மேனேஜர் பேசிட்டிருந்தார். அப்புறம் கூப்பிடுன்னு சொல்லிட்டேன்."