பூட்டின் மேல் குற்றமில்லை

"பூட்டையே மாத்திடுங்க. இனிமே சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கணும்" என்றாள் வீட்டம்மா.

கதவுக்காரர் கருவிப் பையைத் தரையில் இறக்கினார். காலையிலிருந்து இது நாலாவது வீடு. தோள் கழன்று விழுவதுபோல் வலித்தது. எதிரே சமையலறையின் பின்கதவு. இரட்டைக் கண்ணாடி போட்ட கனமான வெள்ளைக் கதவு.

"கதவுல என்னம்மா கோளாறு?"

"கதவுல ஒண்ணுமில்ல. பூட்டற கையிலதான் கோளாறு."

அந்தக் கைக்குச் சொந்தக்காரி பாத்திரத் தொட்டி ஓரமாக நின்றிருந்தாள். மூன்று வருடமாக இந்த வீட்டில் வேலை செய்கிறவள்.

"சாயங்காலம் இவதான் இந்தக் கதவைப் பூட்டிட்டுப் போறா. காலையில பார்த்தா திறந்து கிடக்குது. ஒரு தடவை இல்ல, மூணு தடவை! நேத்து என் பிள்ளை, ரெண்டு வயசுங்க, இந்த வழியா இறங்கி ரோடு வரைக்கும் போயிட்டான். தபால்காரர் மட்டும் பார்க்கலைன்னா..."

"கைப்பிடியை மேல தூக்கி, சாவியைத் திருப்பிட்டுத்தாம்மா போனேன். சத்தியமா."

"உன் சத்தியத்தை வச்சுக் கதவைப் பூட்ட முடியுமா? இன்னையோட நின்னுக்க."

"பொறுப்பில்லாதவன்னு பேர் வாங்கிட்டுப் போனா இந்தத் தெருவுல எந்த வீட்டுலம்மா என்னை உள்ள விடுவாங்க?" அவள் ஈரக் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்துவிட்டது.

கதவுக்காரர் கதவைத் திறந்தார். அது திறந்திருக்கும்போதே கைப்பிடியைத் தூக்கிச் சாவியைத் திருப்பினார். கதவின் விளிம்பிலிருந்து மூன்று கொக்கிகளும் அலுங்காமல் வெளியே வந்தன.

"பூட்டு மேல குத்தமில்லம்மா. புதுசு வாங்கினா கடைக்காரனுக்குத்தான் சந்தோஷம்."

"அதைத்தானே நானும் சொல்றேன்? குத்தம் ஆளு மேல."

"ஒரே ஒரு உதவி பண்ணுங்க. நான் வெளிய போய் நிக்கிறேன். உங்க கையால நீங்களே பூட்டுங்க."

வீட்டம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டு பூட்டினாள். "பூட்டியாச்சு!" என்று கத்தினாள். இரண்டு கண்ணாடியைத் தாண்டி அவர் காதில் அது விழவில்லை. "செவிடு மாதிரி நிக்கிறாரே" என்று முணுமுணுத்து, சாவியை ஆட்டிக் காட்டினாள்.

அவர் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினார். கதவு வீட்டம்மாவை உரசிக்கொண்டு உள்ளே வந்தது.

"பொறுப்பில்லாம யாரோ திறந்து போட்டிருக்காங்க போல" என்றார் கதவுக்காரர்.

வேலைக்காரப் பெண் வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா, தெரியவில்லை.

"நான் பூட்டினேனே! சாவி திரும்பிச்சே!"

"சாவி திரும்பும். கதவு கொஞ்சம் தொங்கிப் போச்சும்மா. நிலையில இருக்கிற குழிக்குள்ள கொக்கி விழாம வெளியவே நிக்குது. காத்து வேகமா அடிச்சாலே திறந்துக்கும். கண்ணாடிக்கு அடியில சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டு வச்சு முட்டுக் கொடுக்கணும். இந்தக் கதவுல அது இருக்காது. அதான் கண்ணாடிக் கனம் கதவை இழுத்து இறக்கிடுச்சு."

கண்ணாடியைச் சுற்றியிருந்த பட்டிகளைத் தட்டிக் கழற்றினார். அடியில் ஒரு துண்டுகூட இல்லை. கண்ணாடியை நெம்பித் தூக்கி, பையிலிருந்த துண்டுகளைக் கீல் பக்கம் கீழே இரண்டும் கைப்பிடிப் பக்கம் மேலே இரண்டுமாகச் செருகினார். தொங்கியிருந்த கதவு நிமிர்ந்தது.

வீட்டம்மா நாலு முறை பூட்டினாள். நாலு முறையும் அவர் வெளியிலிருந்து தோளைக் கொடுத்துத் தள்ளினார். கதவு சுவர் மாதிரி நின்றது.

"எந்த அரைவேக்காடு இதை மாட்டினானோ! அவன் மட்டும் என் கையில கிடைச்சான்..." என்று பல்லைக் கடித்தாள் வீட்டம்மா.

"விடுங்கம்மா. எந்த வீட்டுப் பிள்ளையோ, அன்னைக்கு அவருக்கு என்ன அலுப்போ" என்றாள் வேலைக்காரப் பெண்.

வீட்டம்மா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சாவியை மட்டும் அவள் கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டாள். "சாயங்காலம் நீயே பூட்டிட்டுப் போ. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வா, தம்பி உன்னைத்தான் தேடுவான்."

கதவுக்காரர் வாசலைத் தாண்டுவதற்குள் பின்னால் காலடி ஓடிவந்தது.

"அண்ணே! நீங்க நல்லா இருக்கணும். உங்க பிள்ளைகுட்டியெல்லாம் நல்லா இருக்கணும். தெய்வம் மாதிரி வந்து என் மானத்தைக் காப்பாத்தினீங்க." அவள் கை கூப்பினாள். கண் கலங்கியிருந்தது.

அவர் பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார்.

"ஒண்ணு கேக்கட்டுமாண்ணே? கண்ணாடியைக் கழட்டறதுக்கு முன்னாடியே அடியில துண்டு இருக்காதுன்னு அடிச்சுச் சொன்னீங்களே, எப்படி?"

"கையை இறக்கும்மா. உன்னைக் கும்பிட வேண்டியது நான்." அவர் குனிந்து தெருவைப் பார்த்தபடி சொன்னார்: "வீடு கட்டறப்ப இந்த வரிசையில பன்னிரண்டு வீட்டுக்கும் கதவு மாட்டினவன் நான்தான் தங்கச்சி. பதினோரு வீட்டோட துண்டு தீர்ந்து போச்சு. நாளைக்கு வந்து வச்சுக்கலாம்னு நினைச்சுத்தான் இந்தக் கடைசிக் கதவை அப்படியே மூடினேன்."