நூலகச் சுவரில் ரங்கி

பல்கலைக்கழக நூலகச் சுவரில் பன்னிரண்டு மாணவர்களின் முகங்கள் பெரிது பெரிதாக இருந்தன. 'பல முகம், ஒரே குடும்பம்' என்று மேலே எழுதியிருந்தார்கள். மலைக் கிராமத்திலிருந்து படிக்க வந்த ரங்கியின் முகம் நான்காவது. யார் கேட்டாலும் அந்தப் படம் அவள் குரலிலேயே பதில் சொல்லும். அவளுக்கு ஊரிலிருந்து போன் வந்தாலும் அதுவே எடுத்துப் பேசும்.

மூன்றாவது அறைத்தோழியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போன அன்று, ரங்கிக்கு ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மத்தியானம் சாப்பிடவும் போகாமல் அம்மாவைக் கூப்பிட்டாள்.

"மலைக்காரின்னு எங்கூட ஒருத்தியும் தங்க மாட்டேங்கறாம்மா. நான் வீட்டுக்கு வந்துடறேன்."

"காலைலதான சொன்ன, எல்லாரும் தங்கமா பாத்துக்கறாங்கன்னு?"

"அது நானில்லம்மா, சுவத்துப் படம்."

"உன் குரல் எனக்குத் தெரியாதா? சும்மா எதையாச்சும் நெனச்சுக் கொழம்பாத."

அம்மா போனை வைத்துவிட்டாள். ரங்கி விடுதியிலிருந்து நூலகம் வரை வேகவேகமாக நடந்தாள். சுவரின் முன்னால் நின்று, தன் முகமும் படமும் சேர்ந்து தெரியும்படி வீடியோவில் அம்மாவை மறுபடி அழைத்தாள்.

அம்மா இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரங்கி, சாப்ட்டியா?"

"வயிறு நிறையச் சாப்ட்டேம்மா," என்றது படம், சிரித்தபடி.

ரங்கி அழுதாள்.

"அழுவுறவளே, நீ அங்கயே இரு," என்றாள் அம்மா. "இந்தா, பஸ் ஏறிட்டேன்."